பாட்டியின் குரலும் ஒரு முழம் கேபிளும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு அடங்கிவிடும். ஆனால் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டித் தயார் செய்கிறவர்களுக்கு அப்போதுதான் வேலை தலைக்கு மேல் ஏறுகிறது. வைகாசியிலும் ஆனியிலும் எடுத்துக் குவித்ததையெல்லாம் ஆவணி பிறப்பதற்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும் அல்லவா? இந்த ரகசியம் எனக்குப் போன ஆடியில்தான் தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் பார்க்க வேண்டுமென்று வெகு நாள் ஆசை. ராஜபாளையத்தில் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டால் பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம்தானே என்று, இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். தங்கையின் மருமகள் வீட்டிலிருந்தபடியே வீடியோ எடிட்டிங் செய்கிறாள். குழந்தை தூங்கும் நேரம் பார்த்து லாப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாளானால், சாதம் ஆறிப் போவதுகூடத் தெரியாது. கெட்டிக்காரி.

அன்று மத்தியானம் அவள் முகம் சுண்டிப் போயிருந்தது. என்னவென்று கேட்டேன்.

"பெரியத்தை, இந்த டிஸ்க் படுத்துகிற பாடு தாங்க முடியவில்லை" என்றாள். குரல் தழுதழுத்தது.

விஷயம் இதுதான். வைகாசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் பாட்டி, எண்பதைத் தாண்டியவர், காமிராவைப் பார்த்துப் பேத்திக்கு நாலு வார்த்தை சொல்லியிருக்கிறார். ஆனியில் அவர் காலமாகிவிட்டார். அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லையாம். காமிராக்காரர் எல்லாவற்றையும் ஒரு கையடக்க ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி இவளிடம் கொடுத்துவிட்டு, காமிராவில் இருந்த கார்டை அழித்து அடுத்த முகூர்த்தத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆக, அந்தப் பாட்டியின் குரல் இந்த உலகத்தில் இருந்த இடம் ஒன்றே ஒன்று. நாலைந்து சிவகாசித் தீப்பெட்டிகளைச் சேர்த்து வைத்தாற்போன்ற அந்த டிஸ்க்!

அது என்ன செய்தது தெரியுமோ? லாப்டாப்பில் செருகினால் கண்ணுக்குத் தெரியும். பத்து நிமிஷம் ஒழுங்காக வேலை செய்யும். பிறகு 'டங்' என்று ஒரு சத்தம்; மாயமாகிவிடும். பிடுங்கிச் செருகினால் மறுபடி வரும். அன்றைக்கு அதற்கும் மேலே போய்விட்டது. "டிஸ்க்கை உபயோகிக்குமுன் பார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. பக்கத்தில் நின்ற அவள் கணவன், என் தங்கை பிள்ளைதான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், "அதுதான் கேட்கிறதே! சரி என்று அமுக்கு, சரியாகிவிடும்" என்றான். அவள் விரலும் போய்விட்டது.

"நில் அம்மா!" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல். தங்கை வீட்டுக்காரர். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி வைத்திருந்தவர். கம்ப்யூட்டர் என்றால் காத தூரம் ஓடுவார். "நூல் அறுந்தால் தறியை நிறுத்திவிட்டு, எங்கே அறுந்தது என்றுதான் பார்ப்போம். பாவு மொத்தத்தையுமா வெட்டி எறிவோம்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சாயந்திரம் விஷயம் தெரிந்த மனிதர் வந்து சொன்னபோது, மாமனார் சொன்னது அட்சரத்துக்கு அட்சரம் சரி என்று ஆயிற்று. பார்மட் என்பது, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று டிஸ்க் எழுதி வைத்திருக்கும் கணக்குப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டுப் புதிதாக ஒன்று துவக்குவது. முழுப் பார்மட் என்றால் உள்ளே எழுதியிருப்பதையே துடைத்துவிடும். பாதி வேலையில் தொடர்பு அறுந்தால், அந்தக் கணக்கைச் சரியாகப் படிக்க முடியாமல் லாப்டாப் விழிக்கிறது. விழித்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கிறது. ஆப்பிள் கம்ப்யூட்டரில் தயாரித்த டிஸ்க்கை விண்டோஸ் லாப்டாப்பில் செருகினாலும் இதே கேள்விதான் வரும். டிஸ்க்கில் ஒரு கோளாறும் இராது. பாஷை புரியவில்லை, அவ்வளவுதான். இதை அறியாமல் 'சரி' என்று அமுக்கியவர்கள் எத்தனை பேரோ!

சாயந்திரம் வந்த மனிதர் வேறு யாருமில்லை, அந்தக் காமிராக்காரரேதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். கார்டை அழித்துவிட்டோமே என்ற குற்ற உணர்வு முகத்தில் தெரிந்தது. வந்தவர் லாப்டாப் திரையைப் பார்க்கவே இல்லை. அதன் பக்கவாட்டைப் பார்த்தார்.

அங்கே ஒரு துளையில் 'ஹப்' என்கிற கிளைப்பெட்டி. அதிலிருந்து மவுஸ், கார்டு படிக்கும் கருவி, சார்ஜ் ஆகிற போன், புழுக்கத்துக்கு ஒரு குட்டி விசிறி, கடைசியாக நம் டிஸ்க். ஒரே பிளக்கில் கிரைண்டரையும் மிக்ஸியையும் இஸ்திரிப் பெட்டியையும் மாட்டினால் நாம் சும்மா இருப்போமா? இந்த மாதிரி டிஸ்க்குக்குத் தனியாக மின்சார வசதி கிடையாது. லாப்டாப் துளை கொடுப்பதை வைத்துத்தான் உள்ளே தட்டு சுழல வேண்டும். பழைய யு.எஸ்.பி. 2 துளை கொடுக்க வேண்டியது 500 மில்லி ஆம்பியர், யு.எஸ்.பி. 3 துளையானால் 900. அதை ஐந்து பேர் பங்கு போட்டால் தட்டு திணறாமல் என்ன செய்யும்?

அடுத்து கேபிள். டிஸ்க்கோடு வந்த கேபிளைக் குழந்தை எங்கேயோ இழுத்துப் போட்டுவிட்டதாம். இவள் போன் சார்ஜரின் கேபிளை மாட்டியிருந்தாள். முனை பொருந்துகிறது, ஆகவே சரி என்று நினைத்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பார்வைக்கு இரண்டும் அக்காள் தங்கை. உள்ளே கம்பி வேறு. சார்ஜ் கேபிளில் கம்பி மெல்லிசாக இருந்தால் வழியிலேயே மின்சாரம் தளர்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அத்தகைய கேபிள்களில் பல, யு.எஸ்.பி. 2 வேகத்துக்கு மேல் போகாதவை.

வேகம் என்றதும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இப்போதைய '4கே' படம், விநாடிக்கு 100 மெகாபிட் என்று பதிவானால், மணிக்கு 45 ஜிகாபைட். இரண்டு காமிரா, ஐந்து மணி நேரம் என்றால் 450. சார்ஜ் கேபிளில் இதைப் பிரதி எடுக்க மூன்றரை மணிக்குக் குறையாது. சரியான கேபிளில் ஏறத்தாழ ஒரு மணி பத்து நிமிஷம். மூன்றரை மணி நேரம் அறுந்துபோகாமல் இருக்க வேண்டுமே என்று ஒரு தாய் குழந்தையையும் பார்த்துக்கொண்டு காத்திருப்பது என்ன கொடுமை!

இந்த யு.எஸ்.பி. இணைப்பை உருவாக்கிய இன்டெல் கம்பெனிக் குழுவில் முக்கியமானவர் அஜய் பட், பரோடாவில் படித்த நம் நாட்டுக்காரர். மனைவி வீட்டில் பிரிண்டரை இணைக்க முடியாமல் திண்டாடியதைப் பார்த்துத்தான் யோசனை தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1996ல் முதல் யு.எஸ்.பி. வந்தது. எப்படித் திருப்பினாலும் செருகும் 'சி' முனை வர 2014 ஆயிற்று. செருகுகிற கஷ்டம் தீர்ந்தது. எந்தக் கேபிள் எதற்கு என்ற குழப்பம் அன்றைக்கு ஆரம்பித்தது.

கதைக்கு வருவோம். காமிராக்காரர் தம் பையிலிருந்து ஒரு முழ நீளத்தில் தடித்த கேபிளை எடுத்தார். ஹப்பைக் கழற்றிவிட்டு டிஸ்க்கை நேரே லாப்டாப்பில் செருகினார். லாப்டாப்புக்குச் சார்ஜரை மாட்டினார். மெத்தையின்மேல் கிடந்த டிஸ்க்கை ஆடாத மேஜைக்கு மாற்றினார். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் 'யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்' என்று ஒன்று உண்டு; மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதாக எண்ணிக்கொண்டு, சும்மா இருக்கும் துளையைத் தூங்க வைத்துவிடும். அதையும் நிறுத்தினார். பிறகு டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டார், வைத்தியர் மாதிரி. "போதிய மின்சாரம் கொடுத்த பிறகும் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே கோளாறு என்று அர்த்தம். அப்புறம் ஒரு தடவைகூடச் செருகிப் பார்க்கக் கூடாது, நேரே தகவல் மீட்கிறவர்களிடம் கொண்டுபோக வேண்டும்" என்றார். நல்ல வேளை, சீரான ரீங்காரம்தான் கேட்டது.

திரையில் டிஸ்க் வந்தது. எல்லோரும் மூச்சை விட்டோம். இவள் உடனே எடிட்டிங்கைத் திறக்கப் போனாள். "முதலில் பாட்டி" என்று தடுத்தார் அவர். பாட்டியின் துண்டை லாப்டாப்புக்குள் ஒன்று, அவர் கொண்டுவந்திருந்த இன்னொரு டிஸ்க்கில் ஒன்று என்று பிரதி எடுத்து, இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மற்றவை. ஒரே ஒரு நஷ்டம்: தொடர்பு அறுந்த சமயத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த, இவள் பாடுபட்டுச் சேர்த்த நலங்குப் பகுதி திறக்கவில்லை. மூலப் படம் பத்திரமாக இருந்ததால் இரண்டு ராத்திரி கண் விழித்து மறுபடி செய்தாள்.

இப்போது அவள் வழக்கம் மாறிவிட்டது. எடிட்டிங் நடக்கிற படங்கள் சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி.யில், முடிந்தவை ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவது பிரதி ஸ்ரீவில்லிபுத்தூரில் காமிராக்காரர் வீட்டில். இரண்டு இடத்தில் ஓட்டிப் பார்த்தாயிற்று என்று இவள் போனில் சொன்ன பிறகே அவர் கார்டை அழிக்கிறார். உங்கள் வீட்டுக் கல்யாண டிஸ்க் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தால், ஒரு நாள் எடுத்து ஓட்டிப் பாருங்கள். வேலை முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்துவிட்டுப் பிடுங்குங்கள்.

பாட்டி பேசியது நாற்பது விநாடிதான். "அடுப்பை அணைத்தாயா என்று பார்த்துவிட்டுப் படு" என்பதும் அதில் உண்டு. பேத்தி அதைக் கேட்டுச் சிரித்தாளாம், உடனே அழுதாளாம். மறுநாள் அந்த வீட்டிலிருந்து ஒரு கிலோ பால்கோவா வந்தது. தேர் பார்த்துத் திரும்பிய களைப்புக்கு வெகு இதமாக இருந்தது.

அந்தச் சார்ஜ் கேபிள் என்ன ஆயிற்று என்கிறீர்களா? டிராயரில் போட்டால் மறுபடி யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள் என்று, தங்கை அதைக் கொண்டுபோய் மாடியில் மல்லிகைக் கொடியைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டாள்.