அடித்தளம் தாங்குமா?

பழைய காரை விற்றுவிட்டுப் புதுக் கார் வாங்கும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பாடி உறுதியாக இருந்து எஞ்சின் மட்டும் ஓய்ந்துபோன வண்டியில், வேறொரு வண்டியின் எஞ்சினை இறக்கி ஓட்டுவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். இதைச் சிக்கனம் என்று புகழ்வோர் உண்டு. சட்டவிரோதம் என்று ஒரே சொல்லில் தள்ளுவோரும் உண்டு. இரு சாராரும் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து.

2014 மே மாதம் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் எண்ணெய் குடிப்பதில் பேர் பெற்றது. 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை ஏறவே, வாடகைக் கார்க்காரர்களின் பார்வை டீசல் பக்கம் திரும்பியது. பின்னர் கம்பெனியே டீசல் அம்பாசடரை வெளியிட்டது. ஆயினும் புது வண்டிக்குப் பணம் புரட்ட முடியாதவர்கள், பழைய பெட்ரோல் வண்டியிலேயே டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். திருச்சி ஜங்ஷனில் பக்தர்களை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் கடந்து ஸ்ரீரங்கம் போய்வரும் ஓட்டுநருக்கு, எரிபொருளில் மிச்சமாகும் காசுதான் வீட்டுக்கு அரிசி. இதை ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது?

என் தந்தையார் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பாலக்கரைப் பக்கம் ஒரு பட்டறையில் ஸ்பானர் பிடித்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் கல்லூரிக் கட்டணத்தில் அப்படி மாற்றிய எஞ்சின்களின் கூலியும் கலந்திருக்கிறது. எனவே அத்தொழிலை இழிவாகப் பேச எனக்கு மனம் வராது. இயற்பியல் படித்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு புகழவும் முடியவில்லை.

காரணம் இதுதான். எஞ்சின் தனியாக வருவதில்லை. தன் குணங்களையும் உடன் கொண்டு வருகிறது. பழைய பெட்ரோல் எஞ்சின் உள்ளே இழுத்த காற்றை ஏழெட்டு மடங்கு அழுத்தும். இத்தகைய டீசல் எஞ்சின் இருபது மடங்குக்கும் மேல் அழுத்தும். அதைத் தாங்க அதன் உடல் கனமாக இருந்தாக வேண்டும். அந்தக் கனம் முன் ஸ்பிரிங்கின் மேல் இறங்கும். அதிர்வு மவுண்டைத் தின்னும். கிளட்ச், கியர் பாக்ஸ், ரேடியேட்டர் ஆகியவற்றையும் புது எஞ்சினோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அதிகத் திறனுள்ள எஞ்சின் என்றால் பிரேக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடிய வண்டி 80-ல் ஓடினால், வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. இயக்க ஆற்றலோ ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. அவ்வளவையும் பிரேக்தான் விழுங்க வேண்டும். "ஓடுறது பெரிசில்லம்மா, நினைச்ச இடத்துல நிக்கணும்" என்று என் தந்தையார் சொல்வதும் இந்தச் சூத்திரத்தைத்தான்.

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை நாம் தினமும் பார்க்கிறோம். பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்ற அடித்தளத்தின்மேல் 13 நிலைகள் எழுந்து, 1987-ல் 236 அடி உயரக் கோபுரமாக நிறைவுற்றது. அடித்தளம் தாங்குமா என்று ஆராயாமல் அதன்மேல் ஒரு கல்லையாவது வைத்திருப்பார்களா? காருக்கும் அதே கேள்விதான். எஞ்சின் விலையை மட்டும் கணக்கிட்டு, மற்றவற்றைப் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுவது சிக்கனமே அல்ல. வரப்போகும் செலவை ஓட்டுநரின் உயிர்மேல் எழுதி வைப்பதாகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. எரிவாயுவுக்கோ மின்கலத்துக்கோ மாற்ற, விதிகளுக்கு உட்பட்ட கருவித் தொகுப்புகளைப் பொருத்த இடமளிக்கிறது. சட்டத்தின் நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் கையில் சொற்பப் பணத்தோடு வரும் வாடகைக் கார்க்காரரும், எழுதப் படிக்கத் திணறும் மெக்கானிக்கும் நேர்வழியில் போய்ச் சேர எளிய வாசல் இல்லை. வாசல் இல்லாத வீட்டில் சுவரேறிக் குதிப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஆர்.சி. புத்தகத்தில் ஓர் எஞ்சின், வண்டிக்குள் வேறோர் எஞ்சின் என்று ஓடும் காருக்கு விபத்து நேர்ந்தால், இழப்பீடு கேட்கும் ஏழைக்கே வில்லங்கம்.

எனவே என் யோசனை இதுதான். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் கருவிகள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு. பிரேக், ஸ்பிரிங், புகை ஆகியவற்றைக் குறைந்த கட்டணத்தில் சோதித்துச் சான்று தர அவற்றுக்கு அதிகாரம் அளிக்கட்டும். தேறிய மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் பதியச் சட்டமும் வழி செய்யட்டும். தேறாத வண்டி சாலைக்கு வர வேண்டாம்.

நண்பர்களே, நமக்கும் இதில் பங்குண்டு. பட்டறைகளில் கைப்பழக்கமாக இருக்கும் அறிவு ஏட்டில் ஏறவில்லை. நம் ஏட்டில் இருக்கும் சூத்திரங்கள் பட்டறைக்குப் போய்ச் சேரவில்லை. விடுமுறையில் நாலு பேர் சேர்ந்து ஒரு பட்டறைக்குச் செல்லுங்கள். கேளுங்கள், அளந்து பாருங்கள், எழுதி வையுங்கள். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், நம் ஆய்வுக்கூடத்தின் கதவு ஊருக்குள்ளும் திறக்கும்.