பி.பி. நார்மல்தான்... ஆனா?

காலை நேரத்துல குன்னத்தூர் பஸ் ஸ்டாண்டுல நின்னு பார்த்திருக்கீங்களா? பனியன் கம்பெனிக்குப் போற அக்காக்கள் ஒரு பக்கம், காலேஜ் கூட்டம் ஒரு பக்கம். நடுவுல யூனிஃபார்மும் இறுக்கிப் போட்ட கொண்டையுமா, கையில ரெக்கார்டு நோட்டோட ரெண்டு மூணு நர்சிங் ஸ்டூடண்ட்ஸ். 'ஊசி போடறதப் படிக்கறதுக்கு நாலு வருஷமா அம்மிணி?'ன்னு யாராச்சும் ஒரு பெரியவர் கேட்காம விடமாட்டார். அந்தப் பொண்ணும் சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறிடும்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்த வாரம் பதில். பதில் ஊசியில இல்லீங்க, கண்ணுல இருக்கு.

முதல்ல ஒரு செக்கிங் டேபிளுக்குப் போவோம். உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ பனியன் கம்பெனியில செக்கிங் பார்க்கற ஒரு அக்கா கண்டிப்பா இருப்பாங்க. டேப் வெச்சு அளந்தா பீஸ் சரியா இருக்கும். நீளம் ஓகே, அகலம் ஓகே. ஆனா அந்தக்கா துணியை ஒரு திருப்பு திருப்பி, 'இந்தக் கை ஷேடு மாறியிருக்குது'ன்னு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிடுவாங்க. நாம உத்து உத்துப் பார்த்தாலும் தெரியாது. ஆயிரக்கணக்கான நல்ல பீஸைப் பார்த்த கண்ணு அது. அதனாலதான் கெட்ட பீஸ் பட்டுனு தெரியுது.

நர்ஸோட வேலையிலயும் இதே மேட்டர்தான். ஒரு வித்தியாசம்: பனியன்ல தப்பு வந்தா செகண்ட்ஸ்ல போட்டு வித்துடலாம். மனுஷனுக்கு செகண்ட்ஸ் கிடையாது.

இப்ப ஒரு ராத்திரியைக் கற்பனை பண்ணுங்க. ஆளும் ஆஸ்பத்திரியும் கற்பனை. ஆனா எண்கள் எல்லாம் எந்த சர்ஜிக்கல் வார்டுலயும் வரக்கூடிய எண்கள்தான்.

58 வயசு டெய்லர். எடை 60 கிலோ. குடல்ல ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள். ராத்திரி 8 மணிக்கு நாடித் துடிப்பு 86, மூச்சு நிமிஷத்துக்கு 18, பி.பி. 132/80, காய்ச்சல் 99, ஆக்சிஜன் 97. சூப்பர். ராத்திரி 1 மணிக்கு நாடி 108, மூச்சு 24, பி.பி. 118/76, காய்ச்சல் 100, ஆக்சிஜன் 95.

'என்னங்கய்யா பண்ணுது?'ன்னா, 'ஒண்ணுமில்ல கண்ணு, புழுக்கமா இருக்குது'ங்கறார். பி.பி. நார்மல்தான். நீங்க நைட் டியூட்டி நர்ஸ். டாக்டரை எழுப்புவீங்களா, காலையில ரவுண்ட்ஸ்ல சொல்லிக்கலாம்னு விடுவீங்களா?

இங்கதான் நாலு வருஷப் படிப்பு வேலை செய்யுது. உடம்புக்குள்ள ரத்தக்கசிவோ கிருமித் தொற்றோ ஆரம்பிச்சா, பி.பி.யைத் தாங்கிப் பிடிக்க உடம்பு முதல்ல படாத பாடு படும். இதயம் வேகமா அடிக்கும், மூச்சு வேகமாகும், கை கால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அதனால விரல் சில்லுனு ஆகும். எல்லாம் தோத்த பிறகுதான் பி.பி. விழும். அது விழற வரைக்கும் காத்திருந்தா நாம லேட்!

அதனால நம்ம நர்ஸ் போர்வையை விலக்கிப் பார்க்கறாங்க. கட்டு நனைஞ்சிருக்கா? வயிறு இறுக்கமா இருக்கா? யூரின் பை என்ன சொல்லுது? 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாச்சும் இறங்கணும். போன ரெண்டு மணி நேரத்துல மணிக்கு 20 மில்லிதான். விரலைத் தொட்டா சில்லுனு இருக்கு.

எண்களை வெச்சு மார்க் போடற முறையும் உண்டு. பிரிட்டனோட ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டு வந்து, 2017-ல் திருத்தினது. 'நியூஸ் 2'ன்னு பேரு. மூச்சு, ஆக்சிஜன், பி.பி., நாடி, சுயநினைவு, காய்ச்சல், எல்லாத்துக்கும் மார்க். இந்த எக்ஸாம்ல மார்க் ஏறினா ஆபத்து! 5 வந்தா உடனே டாக்டர் பார்க்கணும். 7 வந்தா எமர்ஜென்சி. நம்ம டெய்லருக்கு எவ்வளவு? மூச்சுக்கு 2, நாடிக்கு 1, ஆக்சிஜனுக்கு 1. மொத்தம் 4. ஒரு மார்க்குல 'ஜஸ்ட் பாஸ்'!

அந்த நேரம் பார்த்து, கட்டில் பக்கத்துல உட்கார்ந்திருந்த மக மெதுவா சொல்றா: 'சிஸ்டர், அப்பா என்னைய அத்தை பேரைச் சொல்லிக் கூப்பிடுறாருங்க. தூக்கக் கலக்கமா இருக்குமுங்களா?'

பாயிண்டே அதுதான். நியூஸ் 2 கணக்குல, புதுசா வந்த குழப்பத்துக்கு மட்டும் 3 மார்க். 4 கூட்டல் 3, ஏழு. ஒரே ஒரு வாக்கியம் 'பார்த்துக்கலாம்'ங்கற இடத்துலேர்ந்து 'ஓடு'ங்கற இடத்துக்குக் கொண்டு போயிடுச்சு. வார்டுல இருந்த எந்த மெஷினும் அதைச் சொல்லலை. மக சொன்னா, நர்ஸ் காது கொடுத்தாங்க. 'வயசானவங்க அப்படித்தாம்மா, நீ தூங்கு'ன்னு சொல்லியிருந்தா கதை வேற.

இதுக்குப் பேருதான் 'கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட்'. 2006-ல் கிறிஸ்டின் டேனர்ங்கற அமெரிக்க நர்சிங் பேராசிரியை இதை நாலு படியாப் பிரிச்சு எழுதினாங்க. கவனிக்கறது, அதுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கறது, செயல்ல இறங்கறது, முடிஞ்ச பிறகு யோசிச்சுப் பார்க்கறது. இந்த நோயாளி சாதாரணமா எப்படி இருப்பார்னு தெரிஞ்சாத்தான் இப்ப மாறியிருக்கார்னு தெரியும்ங்கறதையும் அழுத்திச் சொன்னாங்க. நம்ம செக்கிங் அக்கா கதைதானே இது?

சரி, கவனிச்சாச்சு. அடுத்து? டாக்டருக்கு போன். பல ஜூனியர் நர்ஸுங்க தடுமாறுற இடம் இது. 'சார்... பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார் சார்'னா, மறுமுனையில தூக்கக் கலக்கத்துல 'பி.பி. என்ன?'ம்பாங்க. '118 சார்.' 'அப்புறம் என்ன?' போச்சு!

அதுக்கும் ஒரு வழி இருக்கு. நாலே வரி. யார், என்ன பிரச்னை? பின்னணி என்ன? நான் என்ன நினைக்கறேன்? எனக்கு என்ன வேணும்? 'சார், 12-ம் பெட். புதுசா குழப்பம், மூச்சு 24, நாடி 108. குடல் ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள், 8 மணிக்கு நல்லா இருந்தார், இப்ப யூரின் மணிக்கு 20 மில்லி. தொற்றா இருக்குமோன்னு சந்தேகப்படறேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும்.' கடைசி வரிதான் முக்கியம். நோய்க்குப் பேர் வைக்கறது டாக்டர் வேலை. 'இப்பவே வாங்க'ன்னு சொல்றது நர்ஸோட வேலை. செப்சிஸ்னு பலமான சந்தேகம் இருந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் போகணும்னு 2021 சர்வதேச வழிகாட்டு நெறி சொல்லுது. காலை ரவுண்ட்ஸுக்கு ஏழு மணி நேரம் இருக்கு பாஸ்!

நம்ம கதையில டாக்டர் வந்தார். மருந்து ஏறுச்சு, ஸ்கேன் எடுத்தாங்க, தையல் போட்ட இடத்துல கசிவு. விடியறதுக்குள்ள மறுபடி தியேட்டர். பிழைச்சுக்கிட்டார்.

நர்சிங் படிக்கறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். மூச்சை முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. நாடி பார்க்கற மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டே எண்ணுங்க, தெரிஞ்சா அவங்க மூச்சு மாறிடும். சார்ட்டுல எல்லா பெட்டுக்கும் '20'னு எழுதியிருந்தா நம்பாதீங்க. உடம்பு கெடறதை முதல்ல காட்டிக் கொடுக்கறதும் மூச்சுதான், அவசரத்துல எண்ணாம விடறதும் மூச்சுதான்.

'அதெல்லாம் சரி, நைட்ல ஒரே ஆளு வார்டு முழுக்கப் பார்த்தா போர்வையை எப்ப விலக்கறது?'ன்னு நீங்க கேட்கறது கேட்குது. நியாயம்தான். 2002-ல் பென்சில்வேனியாவுல 168 மருத்துவமனைகளை வெச்சு லிண்டா ஐக்கன் குழு ஆராய்ச்சி பண்ணுச்சு. ஒரு நர்ஸ் கையில கூடுதலா ஒரு ஆபரேஷன் நோயாளி சேர்ந்தா, 30 நாளுக்குள்ள மரணம் நேர்ற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு கண்டாங்க. யோசிக்க நேரம் வேணும்ங்க. நேரம் கொடுக்காம 'ஏன் கவனிக்கலை?'ன்னு கேட்கறது, நாலு பேர் செக்கிங்கை ஒருத்தர் தலையில கட்டிட்டு ரிஜெக்ட் வந்தா திட்டற மாதிரி.

நம்ம வேலூர்ல ஐடா ஸ்கடரோட மருத்துவமனையில நர்சிங் பள்ளி தொடங்கினது 1909-ல். 1946-லேயே அது பட்டப் படிப்பாவும் வந்துடுச்சு. ஊசி போட மட்டும்னா அதுக்குப் பட்டம் எதுக்கு? யோசிக்கற வேலைங்கறதாலதான்.

நீங்க இன்ஜினீயரிங்கோ பி.காமோ, என்ன படிச்சாலும் ஒரு நாள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ துணையா ஆஸ்பத்திரி பெஞ்சுல ராத்திரி உட்காருவீங்க. அப்ப செல்லை நோண்டறதை நிறுத்திட்டு அவங்களைப் பாருங்க. அவங்க எப்படிப் பேசுவாங்க, எப்படிச் சிரிப்பாங்கன்னு அந்த வார்டுலயே நல்லாத் தெரிஞ்ச ஆள் நீங்கதான். ஏதோ மாறியிருக்குன்னு தோணினா, 'சிஸ்டர், இவர் எப்பவும் இப்படி இல்லீங்க'ன்னு எழுந்து போய்ச் சொல்லுங்க. தப்பா இருந்தா ஒரு நிமிஷம்தான் வீண். சரியா இருந்தா?

அப்புறம், பஸ் ஸ்டாண்டுல அந்தப் பெரியவரைப் பார்த்தா சொல்லிடுங்க. ஊசி போட நாலு வருஷம் வேண்டாமுங்க. எப்ப டாக்டரை எழுப்பணும்னு தெரிஞ்சுக்கத்தான் நாலு வருஷம்!

அடுத்த வாரம் பார்க்கலாம். டாடா!