தோற்கின்ற குழுவுக்கு ஏன் கைதட்டுகிறேன்?

'உள்ளூர் மாடு விலைபோகாது' என்பார்கள் நம் பெரியவர்கள். மாட்டுக்குச் சொன்னதை நாம் இன்று காற்பந்துக்கும் பொருத்திவிட்டோம். வார இறுதியில் இரவு நேரத்தில் வளாகத்துக்கு வெளியே உள்ள எந்த மாமாக் கடைக்கு வேண்டுமானாலும் சென்று பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் சட்டைகள் நாற்காலி நாற்காலியாக அமர்ந்திருக்கும். எந்த ஆட்டக்காரருக்கு எந்தக் காலில் காயம், எந்தப் பயிற்றுநரின் வேலை எப்போது போகும் என்பதெல்லாம் நம் நண்பர்களுக்கு மனப்பாடம். அதே வாரத்தில் ஜார்ஜ் டவுன் சிட்டி ஸ்டேடியத்தில் பினாங்குக் குழு விளையாடியிருக்கும். "யாரோடு ஆட்டம்? என்ன முடிவு?" என்று கேட்டுப் பாருங்கள். "பினாங்குக்கு ஒரு குழு இருக்கிறதா?" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

இருக்கிறது நண்பர்களே. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. பினாங்குக் காற்பந்துச் சங்கம் 1921-இல் தோன்றியது. எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் பெயரால் மலாயாக் கிண்ணப் போட்டி தொடங்கிய ஆண்டும் அதுதான். அந்தக் கிண்ணத்தை நம் மாநிலம் 1953, 1954, 1958 ஆகிய ஆண்டுகளிலும், அது மலேசியக் கிண்ணமான பின் 1974-இலும் வென்றது. லீக் வெற்றியாளர் பட்டம் 1982, 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் கிடைத்தது. எஃப்.ஏ. கிண்ணம் 2002-இல் வந்தது. அதன்பிறகு இந்த மூன்று பெரும் போட்டிகளில் ஒன்றில்கூட வெற்றி இல்லை. அதாவது, நான் பிறப்பதற்கு முன்பே என் குழு தன் கடைசிப் பெருங்கிண்ணத்தைத் தூக்கிவிட்டது!

அப்படியிருந்தும் நான் இந்தக் குழுவைத்தான் பின்தொடர்கிறேன். ஏன் என்று பலர் கேட்கிறார்கள். சிலர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். அவர்களுக்கான விடையே இக்கட்டுரை.

சூரிக்கில் விருது, அதே ஆண்டில் வீழ்ச்சி

2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 16. சிட்டி ஸ்டேடியத்தில் பகாங் குழுவுக்கு எதிரான ஆட்டம். ஏறத்தாழ 35 மீட்டர் தொலைவிலிருந்து ஃபைஸ் சுப்ரி ஒரு ஃப்ரீ கிக் அடித்தார். ஒரு பக்கம் போவதுபோல் போக்குக் காட்டிய பந்து, காற்றிலேயே மனம் மாறியதுபோல் மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. கோல் காவலர் ஏமாந்தார். அந்த கோலுக்குத்தான் 2017 ஜனவரி 9-ஆம் நாள் சூரிக் நகரில் ஃபிஃபாவின் புஷ்காஸ் விருது கிடைத்தது. ஆண்டின் மிக அழகிய கோலுக்கான அந்த விருதை வென்ற முதல் ஆசியர் அவர். உலகெங்கும் இருந்து பதிவான வாக்குகளில் ஏறக்குறைய 59 விழுக்காடு அவருக்கே விழுந்தது. அந்த கோல் விழுந்த திடல், கொம்தாரிலிருந்து வாகனத்தில் சில நிமிடத் தொலைவில் இருக்கிறது.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளியில் பெருமை பேசித் தீரவில்லை. ஆனால் அந்தப் பெருமைக்கு ஆயுள் குறைவு. விருது வாங்கிய அதே 2017-இல் பினாங்கு சூப்பர் லீக்கின் கடைசி இடத்தில் முடித்து, இரண்டாம் நிலைக்குத் தரமிறக்கப்பட்டது. ஜனவரியில் உலகின் உச்சியில் நின்றவர்கள் ஆண்டு முடிவதற்குள் பட்டியலின் அடியில் கிடந்தார்கள்.

ஓர் இரசிகனுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறு என்ன வேண்டும்? ஒரு கோல் ஒரு நொடியில் விழுந்துவிடும். ஒரு பருவம் என்பது பல மாத உழைப்பு. சொந்தத் திடலில் பாதி, வெளியூர்த் திடல்களில் பாதி என 22 ஆட்டங்கள். மழையில் ஓர் ஆட்டம், நோன்பு மாதத்தில் ஓர் ஆட்டம், முக்கிய ஆட்டக்காரர் காயத்தில் கிடக்கும்போது ஓர் ஆட்டம். காணொளியில் அந்த கோலைப் பார்த்தவர்கள் பல இலட்சம் பேர். அந்தப் பருவம் முழுவதையும் பார்த்தவர்கள் மிகச் சிலரே. அவர்களுக்குத்தான் குழுவின் உண்மையான நிலைமை தெரியும்.

வென்றபோது பூட்டு, தோற்றபோது திறப்பு

அடுத்து வந்த ஆண்டுகளில் இன்னொரு வேடிக்கை நடந்தது. 2020-இல் பினாங்கு இரண்டாம் நிலை லீக்கில் வாகை சூடி மீண்டும் மேலே ஏறியது. 2021-இல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம்! ஆனால் அது கோவிட் காலம். அந்த வெற்றிகளில் பெரும்பாலானவற்றைக் காலியான இருக்கைகள்தாம் பார்த்தன. நாங்கள் வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்து கத்தினோம். 2022-இல் அரங்கின் கதவுகள் திறந்தன. ஆவலோடு ஓடினோம். பயிற்றுநர் மாறினார், ஆட்டம் மாறவில்லை. 12 குழுக்களில் பன்னிரண்டாம் இடம். அடுத்த ஆண்டு லீக் அமைப்பே மாற்றப்பட்டதால்தான் தரமிறக்கத்திலிருந்து தப்பினோம்.

அப்போது நான் ஆறாம் படிவ மாணவன். பிறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை முடிந்து வரும் அப்பாவோடு மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து அரங்குக்குச் செல்வேன். ஆட்டம் தொடங்க இரவு ஒன்பது ஆகும். முடிந்து வீடு திரும்ப நள்ளிரவாகும். "தோற்பதைப் பார்க்கவா பெட்ரோல் செலவு?" என்று அம்மா கேட்பார். ஞாயமான கேள்விதான். அப்பா பதிலுக்கு, 1974-இல் பேராக்கை 2-1 என்று வென்ற இறுதியாட்டத்தைப் பற்றித் தாத்தா சொன்ன கதையை எடுத்துவிடுவார். அம்மா அதை நூறு முறை கேட்டவர். சமையலறைக்குப் போய்விடுவார்.

அந்தத் தோல்வி ஆண்டில்தான் நான் அரங்கை முழுமையாக அறிந்தேன். வெற்றிக் காலத்தில் கூட்டத்தில் யார் யாரென்று தெரியாது. தோல்விக் காலத்தில் எஞ்சுபவர்கள் கொஞ்சம் பேர், முகம் பழகிவிடும். கச்சான் பொட்டலத்தை நீட்டும் சீனத் தாத்தா ஒருவர், நடுவரை வடக்கு வட்டார மலாயில் வறுத்தெடுக்கும் பாக்சிக் ஒருவர், "போடா, அடிடா!" என்று தமிழில் கத்தும் எங்கள் அப்பா. அடுத்த வாரம் ஒருவர் வராவிட்டால் மற்றவர் விசாரிப்பார். ஒற்றுமையைப் பற்றி நாம் பாட நூலிலும் பேச்சுப் போட்டியிலும் நிறையக் கேட்டிருக்கிறோம். எந்த மேடையும் பேச்சாளரும் இல்லாமல் அதை நான் கண்ட இடம் சிட்டி ஸ்டேடியத்தின் படிக்கட்டு.

நம்மவர்கள் எங்கே?

"அங்கே நம்மவர்கள் விளையாடுகிறார்களா? பிறகு நாம் ஏன் போக வேண்டும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் காற்பந்துக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் எம். சந்திரன். அக்குழு அமெரிக்காவை 3-0 என்று வென்றது. 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம். 2010-இல் மலேசியா முதன்முறையாக சுசுகி கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநராக இருந்தவர் கே. ராஜகோபால். தோட்டப்புறத் திடல்களில் வெறுங்காலோடு பந்தை உதைத்து வளர்ந்த ஒரு சமுதாயத்துக்கு இவை இயல்பான பெருமைகள்.

இன்று அந்த வரிசை மெலிந்துவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது திடல்களும் போயின. நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளுக்கு ஓடி விளையாட இடமில்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் குழு முயன்று மேலேறியது. பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கிலும் ஆடியது. 2022 பருவத்தோடு அதுவும் விலகிக்கொண்டது.

ஆனால் நம்மவர் இல்லாததால் நாம் போக வேண்டாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. லிவர்பூல் குழுவில் மட்டும் எத்தனை தமிழர் இருக்கிறார்கள்? அங்கே கேட்காத கேள்வியை இங்கே மட்டும் ஏன் கேட்கிறோம்? மேலும், இருக்கையில் நாம் இல்லாத இடத்தில், 'என் பிள்ளை இங்கே ஆட வேண்டும்' என்ற ஆசை நம் வீடுகளில் எப்படி முளைக்கும்?

தரம் குறைவு என்பது அடுத்த வாதம். ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்து லீக்கின் வேகம் இங்கே இல்லை. ஜொகூர் டாருல் தக்சிம் குழு 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 முறை லீக்கை வென்றிருக்கிறது. போட்டி சலிப்பூட்டுகிறது என்பதிலும் உண்மை உண்டு. சம்பள பாக்கி, நிருவாகக் குளறுபடி என்று செய்தி வராத ஆண்டில்லை. இவற்றையெல்லாம் அறிந்தேதான் போகிறேன். குறை இருக்கும் இடத்தில் கேள்வி கேட்கும் உரிமை, சீட்டு வாங்கி உள்ளே அமர்ந்தவனுக்கே முதலில் உண்டு. வெளியே நின்று சிரிப்பவனின் குரல் யார் காதிலும் விழாது.

நின்ற பிறகு இரங்கலா?

2025-இல் நமக்கு வடக்கிலும் தெற்கிலும் இரண்டு பெரிய குழுக்கள் சூப்பர் லீக்கிலிருந்து மறைந்தன. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. பேராக் விலகிக்கொண்டது. நம் மாநிலத்தோடு தலைமுறை தலைமுறையாக மோதிய குழுக்கள் அவை. மறைந்த மறுநாள் முகநூல் முழுவதும் கண்ணீர். அந்தக் கண்ணீரில் எத்தனை துளி கடந்த பருவத்தில் அரங்குக்கு வந்தது என்று எண்ணிப் பார்த்தேன்.

இந்தக் காட்சி தமிழ் மாணவர்களாகிய நமக்குப் புதிதன்று. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019-இல் நின்றது. அன்று நாம் எழுதிய இரங்கல் வரிகள் எத்தனை! அதற்கு முந்தைய மாதம் அதைக் காசு கொடுத்து வாங்கியவர் நம்மில் எத்தனை பேர்? சென்னையில் வெளியாகும் நாவலைத் தேடிப் படிக்கிறோம், மகிழ்ச்சி. கூலிம், தைப்பிங், கிள்ளானில் இருந்து எழுதுபவரின் சிறுகதைத் தொகுப்பை அவரே கையில் சுமந்து விற்கிறார். வெளியீட்டு விழாவில் நாற்காலிகள் காலி. காற்பந்தும் இலக்கியமும் வேறு வேறுதான். ஆனால் உள்ளூர்ப் பொருள் அழிவது இரண்டிலும் ஒரே விதத்தில்தான். அதை யாரும் எதிர்ப்பதில்லை, யாரும் போய்ப் பார்ப்பதுமில்லை. அவ்வளவுதான் நடக்கிறது.

அதனால் மான்செஸ்டர் சட்டையைக் கழற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. அலமாரியில் இன்னொரு சட்டைக்கும் இடம் வையுங்கள் என்றே கேட்கிறேன். நம் சங்கத்துக்கும் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு தவணையிலும் ஒரு முறை, ஒரு பேருந்து நிறைய மாணவர்களைச் சிட்டி ஸ்டேடியத்துக்கு அழைத்துச் செல்வோம். தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்கும் லிட்டல் இந்தியாவுக்கும் வழி தெரிந்த நமக்கு இது ஒன்றும் தொலைவில்லை. வெளிமாநிலத்திலிருந்து இங்கே படிக்க வந்தவர்களுக்கு, தாம் மூன்று நான்கு ஆண்டுகள் வாழும் ஊரை அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, பினாங்குக்காகவும் நாட்டுக்காகவும் ஆடிய பழைய தமிழ் ஆட்டக்காரர்களை நேரில் கண்டு, அவர்கள் கதையைத் தமிழில் பதிவு செய்வோம். பலருக்கு வயதாகிவிட்டது. அவர்களோடு அந்த நினைவுகளும் போய்விட்டால், பின்னால் எந்த ஆய்வேட்டிலும் அவற்றைத் தேடி எடுக்க முடியாது. அடுத்த ஆண்டு மலரில் அப்படி ஒரே ஒரு நேர்காணல் வந்தாலும் போதும், எனக்கு நிறைவு.

முன்னாள் மாணவர்களே, உங்களில் சிலர் 1998-இலும் 2001-இலும் லீக் பட்டம் வென்ற நாள்களில் அந்த அரங்கில் இருந்திருப்பீர்கள். உங்கள் பிள்ளைகளிடம் அதைச் சொல்லுங்கள். சொல்வதோடு நிறுத்தாமல் ஒருநாள் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். அன்று நாம் தோற்கலாம். தோற்றால் என்ன? அடுத்த வாரமும் ஆட்டம் இருக்கிறது. அது தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் கைதட்டுகிறேன்.