துறவியின் கையில் அளவுகோல்

"உலகத்தைத் துறந்தவனுக்கு மூளையின் சமாசாரம் எதற்கு?" என்று கேட்கிறார்கள் நம் மேதாவிகள். கேட்கிறவர்களின் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதையும் சற்றுப் பார்ப்போம்.

கர்நாடகத்தில் பைலக்குப்பையிலும் முண்டகோட்டிலும் திபெத்திய பௌத்தர்களின் பெரிய மடங்கள் இருக்கின்றன. தலாய் லாமாவின் விருப்பப்படி அமெரிக்காவின் எமரி சர்வகலாசாலை 2006-ல் தொடங்கிய முயற்சி, 2014-ல் அந்த மடங்களுக்குள்ளேயே ஆறாண்டுப் பாடமாகப் புகுந்தது. பௌதிகம், உயிரியல், நரம்பு விஞ்ஞானம் எல்லாம் அதில் உண்டு. கையைக் கொட்டித் தர்க்கம் செய்து பழகிய பிக்ஷுக்களிடம் வெறும் பிரசங்கம் செல்லுமா? செய்து பார்க்க வேண்டும். பார்த்ததையும் மறுத்துக் கேட்க வேண்டும்.

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒருவர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து விட, மற்றவர் அதை விரல்களால் பற்றட்டும். 20 சென்டிமீட்டர் நழுவியிருந்தால், கண் கண்டு மூளை அறிந்து கை அசைவதற்குள் ஐந்தில் ஒரு விநாடி போய்விட்டது என்று பொருள். இரண்டு குண்டூசி முனைகளை 5 மில்லிமீட்டர் இடைவெளியில் விரல் நுனியில் மெல்ல வைத்தால் இரண்டு என்று தெரியும். முதுகில் வைத்தால் ஒன்றாகத்தான் தோன்றும். 'நான் உணர்வதே உள்ளது' என்னும் அகங்காரம் குண்டூசி முனையில் உடைகிறது. துறவிக்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

நம் வகுப்பறையில் என்ன நடக்கிறது? பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று படம் வரைந்து பாகம் குறித்தால் மதிப்பெண். செய்முறை நோட்டு, அண்ணன் நோட்டைப் பார்த்து எழுதியது. மூளையைப் பற்றிப் படிக்கும் பையன் மூளையைத் தவிர எல்லாவற்றையும் உபயோகிக்கிறான்!

வானகரத்தின் வழியே போகும் பூந்தமல்லிச் சாலையில் மேற்கே போனால் காஞ்சிக்குப் போய்ச் சேரலாம். பௌத்த தர்க்க ஆசிரியர் திங்நாகர் அந்தக் காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்பது மரபு. பிரத்தியட்சம், அனுமானம் என்று பிரமாணம் இரண்டே என்றார் அவர்; ஏட்டில் இருக்கிறது என்பதைத் தனிப் பிரமாணமாக ஏற்கவில்லை. அவர் வழிவந்த தர்க்கத்தைத் திபெத்திய மடங்கள் இன்றும் படிக்கின்றன. அவர் ஊர்ப்பக்கத்து நாமோ, 'கைடு' சொல்வதே பிரமாணம் என்றிருக்கிறோம்.

"பரீட்சைக்கு நடுவே இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பார்கள். அளவுகோல் விழ அரை விநாடி கூட ஆகாது ஐயா! நேரமல்ல தடை, பிள்ளை கேள்வி கேட்டுவிடுவானே என்ற பயம்தான். வகுப்புக்கு ஓர் அளவுகோலும் இரண்டு குண்டூசியும் கொடுங்கள். கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராகுங்கள். துறவிக்கு விஞ்ஞானம் எதற்கு என்று பிறகு விசாரிக்கலாம்.