முள்காடு அழிக்க எந்த இயந்திரம்?

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கும் புன்செய் நிலங்களைத் திருத்தி மீண்டும் சாகுபடிக்குக் கொண்டுவர விவசாயிகள் முன்வருவது வரவேற்கத்தக்கது. ஆனால் எந்த இயந்திரத்தை அமர்த்துவது என்பதில் அவசரப்பட்டுப் பணத்தை இழப்பவர்களும் இருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மூன்று ஏக்கர் வைத்திருந்த ஒரு விவசாயி, வீட்டு நகையை அடகு வைத்து, சித்திரையில் இயந்திரம் விட்டு மரங்களைத் தரையோடு வெட்டினார். நிலம் பளிச்சென்று ஆயிற்று. தை மாதம் நான் போய்ப் பார்த்தபோது ஒவ்வொரு தூரிலும் ஆறேழு கிளைகள் இடுப்பளவு நின்றன. "ஐயா, ஒரு மரத்தை வெட்டி ஏழு மரமாக்கிவிட்டேன்" என்றார். நகை இன்னும் அடகில்தான் இருந்தது.

காரணம் என்ன? மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டு, 1877-ல் நம் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட இம்மரத்தின் உயிர் தண்டில் இல்லை. தண்டும் வேரும் சேரும் தூர்ப்பகுதியில், மண்ணுக்குள் ஏறத்தாழ ஓர் அடி ஆழத்துக்குள், உறங்கும் மொட்டுகள் உள்ளன. மேலே வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும். எனவே தூர் வெளியே வந்தால்தான் மரம் செத்தது என்று பொருள்.

இப்போது ஸ்கிட் ஸ்டியர் என்னும் சிறு இயந்திரத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் இதைப் 'பாப்கேட்' என்பார்கள். சக்கரங்கள் திரும்பாமல், ஒரு பக்கச் சக்கரம் முன்னோக்கியும் மறுபக்கச் சக்கரம் பின்னோக்கியும் ஓட, நின்ற இடத்திலேயே சுழலும். குறுகிய வரப்பு, கிணற்று ஓரம், தோப்பின் இடைவெளி ஆகிய இடங்களில் இது வசதியானதே. முன்னால் பொருத்தும் கருவிகளில் இரண்டை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஒன்று, ஹைட்ராலிக் கத்தரி. சாதாரண எண்ணெய் ஓட்டத்திலேயே இயங்கும். மரத்தை முழுசாக நறுக்கி வைப்பதால் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் விற்கலாம். ஆனால் தூரை விட்டுவிடும். மற்றொன்று, மரத்தைச் சில்லு சில்லாக அரைக்கும் மல்ச்சர். இதற்குப் பெரும்பாலும் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேற்பட்ட எண்ணெய் ஓட்டம் தரும் இயந்திரம் வேண்டும், வாடகையும் கூடும். விறகும் தூளாகிவிடும், தூரும் தங்கிவிடும். விறகு விற்ற காசில் வாடகையின் ஒரு பகுதியை ஈடுகட்டும் சிறு விவசாயிக்கு இது ஏற்றதன்று என்பது என் கருத்து.

ஆகவே சீமைக் கருவேலுக்கு முதல் தேர்வு, வாளியால் மண்ணைத் தோண்டித் தூரைப் பறிக்கும் ஜே.சி.பி. அல்லது பொக்லைன்தான். முதலில் ஆட்களைக் கொண்டு இடுப்புயரத்தில் வெட்டி விறகை ஒதுக்குங்கள். மிஞ்சிய கட்டையைப் பிடியாகக் கொண்டு தூரைப் பறிப்பது எளிது. கட்டாந்தரையில் வேர் அறுந்து தூர் தங்கிவிடும். சேற்றில் இயந்திரம் புதைந்து கரிசல் இறுகிவிடும். கோடை மழை பெய்து மண் பதமாக இருக்கும் நாளே ஏற்ற நாள்.

மூன்று ஏக்கருக்காக இயந்திரம் வாங்குவது கூடவே கூடாது. சில நாள் வேலைக்குப் பல ஆண்டுக் கடனா? பக்கத்து நிலக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு அமர்த்துங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களைப் பற்றியும் விசாரியுங்கள். தனியாரிடம் பேசும்போது 'வெட்டித் தருவது' என்று பேசாமல் 'தூரோடு பறித்துத் தருவது' என்று பேசுங்கள். குழிகளைப் பார்த்த பிறகே மீதிப் பணம் கொடுங்கள்.

உழவர் குழு ஒன்று ஸ்கிட் ஸ்டியர் வாங்க நினைத்தால், எரு அள்ளுதல், மண் நிரவுதல் என ஆண்டு முழுவதும் அதற்கு வேலை உண்டா என்று முதலில் கணக்குப் பாருங்கள். சக்கர இயந்திரம் கவிழும் எடையில் பாதியைத்தான் பாதுகாப்பாகத் தூக்கும். கருவியின் எடையையும் அதில் சேர்த்தே கணக்கிட வேண்டும். முள் குத்தாத திட டயர், ஓட்டுநர் முன் உடையாத தடுப்பு இரண்டும் அவசியம். காய்ந்த இலை ரேடியேட்டரில் அடைத்தால் தீப்பிடிக்கக்கூடும். அன்றாடம் சுத்தம் செய்ய வேண்டும். இயந்திரம் ஓடும்போது ஆட்களும் ஆடுமாடுகளும் அருகில் வரக்கூடாது. மேலே மின்கம்பி செல்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலத்தில் பனை நின்றால் அதில் கை வைக்காதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது.

தூர் எடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. ஆழ உழுது, மிஞ்சிய வேர்த்துண்டுகளைப் பொறுக்கி, அந்தப் பருவத்திலேயே சோளமோ உளுந்தோ விதைத்துவிடுங்கள். நிலத்தைச் சும்மா போட்டால் முள் மீண்டும் வரும். மற்றொன்றும் சொல்ல வேண்டும். சீமைக் கருவேல் நெற்று தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை சாகாமல் வெளிவந்து முளைக்கும். ஆகவே நெற்று உதிரும் காலத்தில், திருத்திய நிலத்தில் கிடை போடாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு, மழைக்குப் பின் ஒருமுறை நிலத்தைச் சுற்றி வந்து, தளிர்க்கும் கன்றுகளை மண்வெட்டியால் வேரோடு எடுத்துவிடுங்கள். அந்த வேலைக்கு இயந்திரம் தேவையில்லை; வாடகையும் இல்லை. அதைச் செய்யாதவருக்கு எவ்வளவு பெரிய இயந்திரம் வந்தாலும் பயன் இராது.