தறியடியில் அமரும் சிறுவனுக்கு அறிவு குறைவா?

பெற்றோர் பகுதிக்கு இம்மாதம் வந்த மடல்களுள் ஒன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. காஞ்சிபுரத்துக்கு அருகே, நடவாவிக் கிணற்றால் பெயர்பெற்ற ஐயங்கார்குளத்திலிருந்து ஒரு தாய் எழுதியுள்ளார். கணவர் கூலிக்குப் பட்டு நெய்பவர். மகன் ஐந்தாம் வகுப்பில் பயில்கிறான். ‘இவனுக்கு மூளை மட்டு, எவ்வளவு சொன்னாலும் ஏறாது’ என்று பள்ளியில் கூறிவிட்டார்களாம். இவ்வாண்டோடு படிப்பை நிறுத்தித் தறியில் உட்கார வைத்துவிடலாமா என்பது அவருடைய வினா. மடலின் இறுதியில், ஏதோ நினைவு வந்தாற்போல் ஒரு வரி சேர்த்திருக்கிறார். விடுமுறை நாள்களில் தந்தையின் அருகே அமரும் அவன், ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் இடையே எத்தனை ஊடை போயிற்று என்பதை ஒருநாளும் பிழையாகச் சொன்னதில்லையாம்.

அம்மா, தங்கள் வினாவுக்கான விடையின் பாதி அக்கடைசி வரியிலேயே இருக்கிறது.

கோர்வைச் சேலை நெய்வதை அருகிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். இரண்டையும் பிணைக்க மூன்று நாடாக்கள் வேண்டும். அது ஒருவர் கைக்கு அடங்காது. ஆகவே துணையாள் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை வீசுவது மரபு. (அத்துணையாள் நெடுங்காலம் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தது காஞ்சிப் பட்டின் பளபளப்புக்குப் பின்னே உள்ள துயரக் கதை.) கண் இழையிலும், கை நாடாவிலும், மனம் எண்ணிக்கையிலும் ஒருங்கே நிற்க வேண்டிய வேலை அது. மூளை மட்டான பிள்ளைக்கு இது கைவருமா?

அறிவை அளக்கும் கோலை முதன்முதல் செய்தவர் யார், எதற்காகச் செய்தார் என்பதை ஆசிரியர்களும் நாமும் நினைவிற்கொள்வது நலம். பிரான்சு நாட்டு அறிஞர் ஆல்பிரட் பினே, சிமோன் என்பவருடன் சேர்ந்து 1905-ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார். பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனி உதவி அளிப்பதே அதன் நோக்கம். அவர்களைக் கழித்துக்கட்டுவது அன்று. அறிவு பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டது, அதனைப் பெருக்க இயலாது என்று பேசியோரை அவர் 1909-இல் வன்மையாகக் கண்டித்தார். 1911-இல் அவர் மறைந்தார். மன வயதை உடல் வயதால் வகுக்கும் முறையை மறு ஆண்டே ஜெர்மானியரான ஸ்டெர்ன் வகுத்தார். 1916-இல் அமெரிக்கரான டெர்மன் அதை நூறால் பெருக்கி, ‘நுண்ணறிவு ஈவு’ என்ற ஒற்றை எண்ணாக உலகெங்கும் பரப்பினார். உதவிக்கெனப் பிறந்த கோல் முத்திரை குத்தும் அச்சாயிற்று. நம் நாட்டில் காமத் என்பவர் தார்வாரில் அதே சோதனையைக் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கேற்ப மாற்றியமைக்க நேர்ந்ததே ஓர் உண்மையை உணர்த்துகிறது: பாரிஸ் பிள்ளைக்குப் பழகிய வினா நம் பிள்ளைக்குப் பழகியதாயிராது.

அண்மையில், 2025-இல், நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ ஆகியோரும் அவர்தம் துணைவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வியாபாரம் செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட சிறுவர்களிடம் வாடிக்கையாளர் போலச் சென்று பொருள் வாங்கினர். கிலோ 20 ரூபாய் விலையில் 800 கிராம் உருளைக்கிழங்கு, கிலோ 15 ரூபாய் விலையில் 1 கிலோ 400 கிராம் வெங்காயம் என்பன போன்ற கணக்குகள். தாளும் எழுதுகோலுமின்றி, 37 ரூபாய் என்று மனத்திலேயே கூட்டி மீதிச் சில்லறையும் கொடுத்தனர் பெரும்பாலோர். அவர்களிடமே மூன்றிலக்க எண் ஒன்றை ஓரிலக்க எண்ணால் வகுக்குமாறு பாடப்புத்தக முறையில் எழுதிக் கொடுத்தபோது பலர் திகைத்து நின்றனர். பள்ளிப் பிள்ளைகளின் நிலையோ இதற்கு நேர்மாறு! ஏட்டுக் கணக்கில் தேறியவர்கள் சந்தைக் கணக்கில் தடுமாறினர்.

இரு சாராரிடமும் அறிவு இருந்தது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அது தானாகக் கடந்து செல்லவில்லை. பாலம் போடுவார் இல்லை.

தறியிலேயே கெட்டிக்காரனாக இருக்கிறானே, அங்கேயே இருக்கட்டும் என்று தாங்கள் முடிவு செய்துவிடலாகாது என்பதற்காகவே இதை விரித்துரைக்கிறேன். எழுத்துக் கணக்கு அறியாத நெசவாளி, தன் முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்று முதலாளியின் பேரேட்டைப் பார்த்து எங்ஙனம் அறிவார்? தங்கள் கணவருக்கு இது நன்கு தெரிந்திருக்கும். மேலும், 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பதை 2016-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் முற்றாகத் தடுக்கிறது; பள்ளி நேரம் போக, ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் கைகொடுக்க இடமுண்டு.

பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியை நம் குருமடங்களில் போற்றாதார் இல்லை. அவரும் ‘ஏறாது’ என்று தள்ளப்பட்டவரே. இலத்தீனில் கேட்ட வினாக்களுக்கு விடையளிக்க இயலாமல் தேர்வில் தவறினார். அவருக்குக் கற்பித்துவந்த பங்குத்தந்தை பால்லே அவரைக் கைவிடவில்லை; அதே வினாக்களை அவருடைய தாய்மொழியில் கேட்கச் செய்தார். விடைகள் தெளிவாக வந்தன. 1815-இல் அவர் குருவானார். தாலந்து உவமையைக் கேட்கும்போதெல்லாம், அதைப் புதைத்த ஊழியனைக் குறைகூறுகிறோம். பிள்ளையின் தாலந்தைப் பெரியவர்களே புதைத்துவிட்டு, அவனிடம் ஒன்றுமில்லை என்று சொல்வதை என்னென்பது?

ஆகவே, தாயே, படிப்பை நிறுத்தாதீர்கள். ஆசிரியரிடம் சினமின்றிச் சென்று, அவன் தறியடியில் எண்ணுவதைச் சொல்லுங்கள். இயலுமாயின் ஒரு மாலை வீட்டுக்கு வந்து பார்க்குமாறு அழையுங்கள். இன்றிரவே வீட்டில் ஒன்று செய்யலாம். ‘24 ஊடைக்கு ஒரு பூவானால், 7 பூ முடிய எத்தனை ஊடை?’ என்று அவனிடம் கேளுங்கள். 168 என்பான். எப்படிக் கண்டாய் என்று கேட்டு, அவன் சொல்லும் வழியை முழுதும் செவிமடுங்கள். பிறகு அவனுடைய நோட்டில் 24, அதன் கீழே 7, நடுவே பெருக்கல் குறி எழுதிக் காட்டி, ‘நீ இப்போது செய்தது இதுதானடா’ என்று சொல்லுங்கள். அவன் முகத்தில் என்ன கண்டீர்கள் என்பதை அடுத்த மடலில் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.