160-ஆம் இடத்தில் ஒரு டென்னிஸ் வாழ்க்கை

2020 மார்ச் தொடக்கத்தில் அங்கிதா ரெய்னா ஒற்றையர் தரவரிசையில் 160-ஆம் இடத்துக்கு வந்தார். அவருடைய வாழ்நாள் உச்சம் அது. அதே மாதம் கரோனா பரவலால் மகளிர் டென்னிஸ் போட்டிகள் நிறுத்தப்பட்டன. ஆகஸ்ட்டில் இத்தாலியின் பலேர்மோவில் பந்து மீண்டும் எழும்வரை, ஏறுமுகத்தில் இருந்த 27 வயது வீராங்கனைக்கு ஆடக் களமே இல்லை.

அகமதாபாத்தில் பிறந்து, பயிற்சிக்காகப் புணேவுக்கு இடம்பெயர்ந்தவர் அங்கிதா. 2018-இல் மகளிர் அணிகளுக்கான ஃபெட் கோப்பையில், அப்போது உலகின் முதல் நூறு பேருக்குள் இருந்த யூலியா புடின்ட்சேவாவை வென்றார். அதே ஆண்டு ஆசிய விளையாட்டில் ஒற்றையர் வெண்கலம். 2019-இல் சீனாவின் அனிங் நகரில், 2011 அமெரிக்க ஓப்பன் சாம்பியன் சமந்தா ஸ்டோசரையே வீழ்த்தினார். ஆனாலும் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் அவர் ஒருமுறைகூட ஆடியதில்லை. 2021 ஆஸ்திரேலிய ஓப்பனுக்கான தகுதிச்சுற்று துபாயில் நடந்தபோது கடைசி ஆட்டம் வரை போய்த் தோற்றார். இன்னும் ஒரே ஒரு வெற்றி போதுமானதாக இருந்தது.

அந்த ஒரு வெற்றியின் மதிப்பு என்ன? கிராண்ட்ஸ்லாம் மகளிர் ஒற்றையரில் 128 இடங்கள். 104 பேர் தரவரிசைப்படி நேராக உள்ளே போகிறார்கள்; 8 பேருக்கு வைல்டு கார்டு என்னும் சிறப்பு அனுமதி; தகுதிச்சுற்று வழியாக 16 பேர். 2025 விம்பிள்டனில் பிரதானச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கு 66,000 பவுண்டு கிடைத்தது. தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு 15,500. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் அடிமட்டப் போட்டிகளுக்கு இறங்கிவந்தால் மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். அங்கே முதல் சுற்றில் தோற்றால் கைக்கு வருவது ஏறக்குறைய 150 டாலர். விமானக் கட்டணம், விடுதி வாடகை, சாப்பாடு, ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடும் கூலி எல்லாம் ஆடுபவர் தலையில். பல போட்டிகளில் பந்து பொறுக்கித் தரக்கூட ஆள் இருக்காது.

2013-ஆம் ஆண்டுக் கணக்குகளை வைத்து ஐடிஎஃப் ஓர் ஆய்வு செய்தது. வரவும் செலவும் சரிக்கட்டும் இடம் பெண்களில் 253 என்றது அது. பயிற்சியாளருக்கான செலவை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பயிற்சியாளர் இல்லாமல் யார் 253-ஆம் இடத்தில் நிலைக்க முடியும்? புள்ளிகளுக்கும் ஆயுள் 52 வாரம்தான். போன ஜூனில் ஈட்டிய புள்ளி இந்த ஜூனில் கழிந்துவிடும். முழங்கால் வீங்கி மூன்று மாதம் படுத்தால் வருமானமும் போகும், புள்ளியும் போகும். திரும்பி வரும்போது மறுபடி 15,000 டாலர் போட்டியில் தொடங்க வேண்டியிருக்கலாம். கிரிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரஞ்சி கோப்பையில் பதினொருவரில் ஒருவராகக் களமிறங்கும் ஆட்டக்காரருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 40,000 ரூபாய் சம்பளம். அணி வென்றாலும் தோற்றாலும் அந்தச் சம்பளம் உண்டு. பயணச் செலவும் தங்கும் செலவும் அவருடையதல்ல. டென்னிஸில் சம்பளம் என்பதே கிடையாது, பரிசு மட்டும்தான்.

‘ஜெயிக்காதவர்களுக்கு எதற்குப் பணம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் நடுவரின் நாற்காலியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் நடுவர் கையிலுள்ள சிறு கருவியில் அதைப் பதிகிறார். அடுத்த நொடியே அந்தத் தரவு உலகெங்கும் உள்ள பந்தய நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்கிறது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடக்கும் ஆட்டத்தின்மீதும் யாரோ எங்கோ பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தரவுக்காக ஐடிஎஃப் 2015-இல் ஸ்போர்ட்ராடார் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தின் மதிப்பு 7 கோடி டாலர் என்று அப்போது செய்தி வந்தது. அடிமட்டப் போட்டிகளின் தரவை விற்பதை நிறுத்துங்கள் என்று டென்னிஸில் நடக்கும் முறைகேடுகளை ஆராய ஆடம் லூயிஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2018-இல் பரிந்துரைத்தது. வருமானம் போதாத ஆட்டக்காரரைச் சூதாட்டத் தரகர் எளிதில் வளைத்துவிடுவார் என்பதே குழுவின் கவலை. இன்னொரு கொடுமையும் உண்டு. 2024-இல் வீரர்கள், வீராங்கனைகளுக்கு இணையத்தில் வந்த வசவுகளில் 40 விழுக்காடு, பந்தயத்தில் பணம் இழந்தவர்கள் அனுப்பியவை என்று ஐடிஎஃப்பும் மகளிர் டென்னிஸ் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆக, இவர்கள் தோற்றாலும் யாரோ சம்பாதிக்கிறார்கள். தோற்றவருக்கு 150 டாலரும் கைப்பேசி நிறைய வசவும்தான் மிச்சம்.

ஆண்கள் பக்கம் ஒரு மாற்றம் வந்துவிட்டது. முதல் 250 பேருக்குக் குறைந்தபட்ச ஆண்டு வருமானத்தை உறுதிசெய்யும் திட்டத்தை ஆண்கள் டென்னிஸ் சங்கமான ஏடிபி 2024-இல் தொடங்கியது. 101 முதல் 175 வரையுள்ள இடத்தில் இருந்தவருக்கு அந்த ஆண்டு உறுதியளிக்கப்பட்ட தொகை 1,50,000 டாலர். 160-ஆம் இடத்திலுள்ள ஆணுக்கு அது பொருந்தும். பெண்களில் முதல் 250 பேருக்கும் அப்படியொரு ஏற்பாட்டைக் கொண்டுவரும் எண்ணம் உண்டு என்று மகளிர் டென்னிஸ் சங்கம் 2023-இல் அறிவித்தது. அந்த உறுதி ஆண்களுக்குத் தருவதைவிட ஒரு டாலர்கூடக் குறையக் கூடாது. ஒரே விமானத்தில் ஏறி, ஒரே விடுதியில் தங்குகிறவர்கள் இருவரும்.

இந்தியாவில் இருப்பவருக்குத் தூரமும் சேர்ந்துகொள்கிறது. போட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். கோயம்புத்தூரிலிருந்து போன நிருபமா வைத்தியநாதன், 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிச்சிகினியை வென்றபோது, நவீன டென்னிஸில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அவரும் முதல் நூறு இடத்துக்குள் நுழைந்ததில்லை. உள்ளூரில் போட்டி நடந்தால் என்ன ஆகும் என்பதை 2022-இல் நுங்கம்பாக்கத்தில் பார்த்தோம். சென்னை ஓப்பனில் வைல்டு கார்டு பெற்ற கர்மன் கவுர் தண்டி, தன்னைவிட இருநூறுக்கும் மேற்பட்ட இடங்கள் முன்னால் இருந்த பிரான்ஸின் குளோயி பக்கேயை முதல் சுற்றில் வீழ்த்தினார்.

ஆண்டுக்கு ஒரு பெரிய விழா நடத்துவதைவிட, மூன்று நான்கு வாரம் தொடர்ந்து, ரயிலில் போகக்கூடிய ஊர்களில், தங்குமிடத்தோடு நடக்கும் சிறிய போட்டிகளே இவர்களைக் காப்பாற்றும். சென்னை, கோவை, பெங்களூரு, புணே எல்லாவற்றிலும் ஆடுகளம் இருக்கிறது. பணத்துக்கு வழியில்லை என்று உலக டென்னிஸ் சொல்ல முடியாது. 2025 விம்பிள்டனின் மொத்தப் பரிசுத் தொகை 5.35 கோடி பவுண்டு. அதில் நூற்றில் ஒரு பங்கை ஒதுக்கினாலே, நாற்பதுக்கும் மேற்பட்ட 15,000 டாலர் போட்டிகளுக்குப் பரிசு கொடுத்துவிடலாம்.